மறையும் ஆறுகளின் பின்னால் ஐந்து நாள்

முதல் நாள்: பிளாக்லயன்

டப்ளினிலிருந்து வடமேற்கே மூன்று மணி நேரம் கார் ஓட்டி மதியம் இங்கே வந்து சேர்ந்தோம், நானும் பன்னிரண்டு வயது மகளும். ஜூன் மாதத்தின் முதல் திங்கள் அயர்லாந்தில் பொது விடுமுறை. அதோடு இரண்டு நாள் விடுப்பைச் சேர்த்துக்கொண்டேன். கடற்கரைப் பாறை முகடுகளைப் பார்க்க உலகமே வருகிறது. உள்நாட்டில் கேவன், லீட்ரிம், ஃபெர்மானா என்ற மூன்று மாவட்டங்கள் சந்திக்கும் இந்த மலைப் பக்கத்துக்கு வருகிறவர்கள் குறைவு. ஒன்பது ஆண்டுகள் இந்த நாட்டில் இருந்தும் நானே இப்போதுதான் வருகிறேன்.

பிளாக்லயன் சின்ன ஊர். தெருமுனையில் ஒரு பாலம், பாலத்துக்கு அப்பால் பெல்கூ. இந்தக் கரை அயர்லாந்துக் குடியரசு, அந்தக் கரை வட அயர்லாந்து. பாலம் தாண்டியதும் யூரோ போய் பவுண்ட் வருகிறது, கிலோமீட்டர் போய் மைல் வருகிறது, பச்சைத் தபால் பெட்டி சிவப்பாகிவிடுகிறது. சோதனைச் சாவடி கிடையாது, பாஸ்போர்ட் கேட்பவர் கிடையாது. 1998 அமைதி ஒப்பந்தத்துக்கு முந்தைய கலவர ஆண்டுகளில் இந்த எல்லைச் சாலைகளில் ராணுவம் நின்றது, பல சிறிய சாலைகளைப் பெயர்த்துப் போட்டு அடைத்திருந்தார்கள் என்று மகளிடம் சொன்னேன். அவள் பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தாள். மேல் மக்நீன் ஏரியிலிருந்து கீழ் மக்நீன் ஏரிக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. "ஆறு எந்த நாட்டுக்குச் சொந்தம் அம்மா?" என்றாள்.

பதில் சொல்லாமல் அவளைக் கேவன் பரன் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். ஊருக்கு மேலே மலைச்சரிவில் இருக்கிறது. பரன் என்றால் ஐரிஷ் மொழியில் கல் நிறைந்த இடம். முதலில் ஊசியிலைக் காடு. மரம் வெட்டி விற்பதற்காக நட்ட சிட்கா ஸ்ப்ரூஸ். வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த இந்த மரம்தான் இன்று அயர்லாந்தின் காடுகளில் அதிகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டின் பரப்பில் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான் காடு மிஞ்சியிருந்தது, இப்போது சுமார் 11 சதவீதம். எண்ணிக்கை உயர்ந்தது நல்லதுதான். ஆனாலும் இந்த வரிசை மரங்களுக்குக் கீழே வெளிச்சம் விழுவதில்லை, செடி முளைப்பதில்லை, பறவைச் சத்தம் மிகக் குறைவு. காட்டுக்குள் நிற்கிறோம் என்ற நிறைவு எனக்கு வரவில்லை.

மரங்கள் விலகியதும் கற்கள் வந்தன. வெண்சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறைத் தளத்தின்மேல், யாரோ கொண்டுவந்து வைத்ததுபோல் பழுப்பு மணற்கல் உருண்டைகள். கொண்டுவந்து வைத்தது பனிப்பாறை. பனி யுகத்தில் மலையிலிருந்து இழுத்துவந்து, உருகியபோது விட்டுவிட்டுப் போயிற்று. அதன்பின் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மழை பெய்து சுற்றியிருந்த சுண்ணாம்புக்கல் கரைந்தது. மணற்கல் குடை பிடித்த இடம் மட்டும் கரையவில்லை. அதனால் ஒவ்வோர் உருண்டையும் இப்போது ஒரு சிறிய பீடத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. மகள் பீடத்தின் உயரத்தை முழங்காலோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அத்தனையும் மழை கரைத்த கணக்கு.

பக்கத்திலேயே கல்திட்டைகள். புதிய கற்காலத்து மக்கள் தங்கள் இறந்தவர்களுக்காகக் கட்டியவை. அதில் ஒன்றைக் 'கன்றுக் கொட்டில்' என்கிறார்கள். பின்னாளில் ஒரு விவசாயி மூடுகல்லின் அடியில் சுவர் எழுப்பிக் கன்றுகளை அடைத்தாராம். பெருங்கல்லைப் பெயர்த்து வேலிக்குப் போடாமல் கன்றுக்கு நிழலாக விட்டுவைத்த அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

இரவு பத்து மணிக்கும் வானில் வெளிச்சம் இருக்கிறது. மகள் தூங்கிவிட்டாள்.

இரண்டாம் நாள்: க்ளாடா பள்ளத்தாக்கு, மார்பிள் ஆர்ச் குகை

இன்று நடந்த பாதையைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும்.

பெல்கூவைத் தாண்டிச் சாலையோரப் பாலத்தருகே காரை நிறுத்திவிட்டு, க்ளாடா ஆற்றை எதிர்த்து மேல்நோக்கி நடந்தோம். நேற்று பார்த்த நட்ட காட்டுக்கு நேர் எதிர் இது. ஆஷ், ஹேசல், ஓக் என்று தானாக வளர்ந்த மரங்கள். தண்டெல்லாம் பாசி, பாசியின்மேல் பெரணி. கீழே காட்டுப் பூண்டு பூத்து ஓய்ந்திருந்தது, மிதித்த இடத்தில் பூண்டு வாசனை எழுந்தது. குருவிகள் ஓயவே இல்லை.

ஆஷ் மரங்களை அண்ணாந்து பார்த்தபோது மட்டும் மனம் கனத்தது. பல மரங்களின் உச்சிக் கிளைகள் மொட்டையாக நின்றன. கிழக்காசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த ஒரு பூஞ்சை நோய். அயர்லாந்தில் 2012இல் கண்டுபிடிக்கப்பட்டது, இப்போது நாடு முழுவதும் பரவிவிட்டது. இங்குள்ள ஹர்லிங் விளையாட்டின் மட்டையை ஆஷ் மரத்தில்தான் செய்வார்கள். மகளின் பள்ளியிலும் அந்த மட்டை உண்டு. "இந்த மரமா அது?" என்று தண்டைத் தொட்டுப் பார்த்தாள்.

பாதியில் ஒரு காட்சி. மலையடிவாரப் பாறை இடுக்கிலிருந்து, மேலே எந்த ஓடையும் இல்லாமலே, வெள்ளமாகத் தண்ணீர் கொட்டி ஆற்றில் விழுகிறது. ஓடைக்கு முன்கதையே இல்லாததுபோல் தோன்றும். முன்கதை முழுவதும் பூமிக்கடியில் இருக்கிறது.

அதை இப்படி விளங்கிக்கொண்டேன். இந்த வட்டாரத்துக்குத் தெற்கே நிற்பது குல்கா மலை. அதன் உச்சி மணற்கல், நடுவில் களிப்பாறையும் சதுப்பும், அடிவாரம் சுண்ணாம்புக்கல். மேலே பெய்த மழை மணற்கல்லுக்குள் இறங்க முடியாமல் ஓடைகளாக வழிகிறது. சதுப்பைக் கடந்து வருவதால் தண்ணீரில் அமிலத்தன்மை ஏறி, கடுந்தேநீர் நிறத்துக்கு வந்துவிடுகிறது. சுண்ணாம்புக்கல்லைத் தொட்டதும் அதைக் கரைத்துத் துளை போட்டு உள்ளே இறங்கிவிடுகிறது. ஓவன்பிரீன், அஹின்ரான், ஸ்ரூ க்ரோப்பா என்ற மூன்று ஓடைகள் மலையில் இப்படித் தனித்தனியாக மறைந்து, இருட்டில் ஒன்றுகூடி, ஒரு கல்வளைவுக்கு அருகே க்ளாடா என்ற ஒரே பெயரோடு வெளியே வருகின்றன. அந்த வளைவுதான் மார்பிள் ஆர்ச். பெயரில் பளிங்கு இருந்தாலும் கல் சுண்ணாம்புக்கல்தான்.

வளைவிலிருந்து செங்குத்தான படிகள் ஏறி மேலே வந்தால் குகையின் பார்வையாளர் மையம். டிக்கெட் முன்கூட்டியே எடுத்திருந்தேன். வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும்.

உள்ளே இறங்கியதும் குளிர். வெளியே வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும் உள்ளே ஏறக்குறைய பத்து டிகிரிதான் என்றார்கள். நிலத்தடி ஆற்றில் படகு. ஒரு திருப்பத்தில் கூரை தாழ்ந்து வந்தது, எல்லோரும் குனிந்தோம், பேச்சு நின்றது. துடுப்புச் சத்தமும் எங்கோ சொட்டும் நீரும் மட்டும். 1895இல் பிரெஞ்சுக் குகை ஆய்வாளர் எதுவார் அல்ஃப்ரெட் மார்தெலும் டப்ளின் இயற்கையியலாளர் லிஸ்டர் ஜேம்சனும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இதே நீரில் போனார்கள். அதற்கு முன் இந்த இருட்டுக்குள் மனிதர் ஏற்றிய வெளிச்சம் வந்ததில்லை. பொதுமக்களுக்குத் திறந்தது 1985இல். இதுவரை அறியப்பட்ட நீளம் 11.5 கிலோமீட்டர். வட அயர்லாந்தில் இதுவே நீளமானது.

படகைவிட்டு இறங்கி நடந்தோம். மேலிருந்து கல்விழுதுகள், சில வைக்கோல் தடிமனில், சில திரைச்சீலைபோல் மடிப்பு மடிப்பாக. அடியில் அசையாத நீர், அதில் கூரை முழுவதும் தலைகீழாகத் தெரிந்தது. 'மோசஸ் நடை' என்று ஓர் இடம். ஆற்றின் நடுவே இரண்டு பக்கமும் தடுப்புச்சுவர் கட்டி நடைபாதை போட்டிருக்கிறார்கள். நம் இடுப்பளவில் இருபுறமும் தண்ணீர் நிற்க, நடுவே கால் நனையாமல் போகிறோம். மகள் சுவருக்கு வெளியே விரலை நீட்டி நீரைத் தொட்டுக்கொண்டே வந்தாள்.

இந்தச் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலநடுக்கோட்டுக்கு அருகே ஒரு வெதுவெதுப்பான கடலின் தரையாக இருந்தது. பாறையில் கடல் அல்லி என்ற கடல் உயிரினத்தின் தண்டுத் துண்டுகள் சின்னச் சின்ன வளையங்களாகத் தெரிகின்றன. வெப்பக் கடலில் பிறந்து குளிர்நாட்டில் குகையாகிவிட்ட கல். அதைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மூன்றாம் நாள்: குல்கா மலை

காலையிலேயே மேகம். ஆனாலும் கிளம்பினோம்.

குல்காவின் உயரம் 665 மீட்டர். ஃபெர்மானாவுக்கும் கேவனுக்கும் இதுவே உச்சி. நாட்டு எல்லை இதன் முகட்டின் வழியாகத்தான் போகிறது. முதல் சில கிலோமீட்டர் சரளைப் பாதை, செம்மறி ஆடுகள், கல்சுவர். பிறகு சதுப்பின்மேல் மரப்பலகை நடைபாதை. 2015இல் இதைப் போட்டார்கள், மக்கள் வைத்த பெயர் 'சொர்க்கத்துக்கு ஏணி'. படம் இணையத்தில் பரவியதும் கூட்டம் கூடிவிட்டது. பலகை போட்டதே கால்களிடமிருந்து சதுப்பைக் காப்பாற்றத்தான். வந்தவர்களில் பலர் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் உச்சியிலுள்ள மேடையில் படம் எடுக்கவே ஏறுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. அதிசயம் பலகைக்கு இரண்டு பக்கமும் விரிந்து கிடக்கிறது.

நாங்கள் பலகையின் விளிம்பில் உட்கார்ந்து பார்த்தோம். ஸ்பாக்னம் பாசி பச்சையும் செம்மையுமாக மெத்தை விரித்திருந்தது. அது தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாசிக்கு நடுவே சிவந்த பனித்துளிச் செடி, இலை நுனிகளின் பசையில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டிருந்தது. சதுப்புப் பருத்தி வெள்ளைக் குஞ்சங்களாகக் காற்றில் ஆடியது. செத்த பாசி மட்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து பீட் மண்ணாகிறது, ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். ஒரு மீட்டர் பீட் என்றால் ஆயிரம் ஆண்டு. அதைத்தான் வெட்டிக் காயவைத்து 'டர்ஃப்' என்று அடுப்பில் எரித்துவந்தார்கள். கையால் வெட்டிய காலம்வரை மலை தாங்கியது. கடந்த நூற்றாண்டின் இறுதியில் இயந்திரம் வந்து வாய்க்கால் வெட்டி நீரை வடித்தபோது, சதுப்பு பிடித்துவைத்திருந்த மழையெல்லாம் ஒரேயடியாகக் கீழே பாய்ந்து, நேற்று நாங்கள் போன குகையில் வெள்ளம் ஏறியது. பிறகு வாய்க்கால்களுக்கு அணை கட்டிச் சதுப்பை மீட்கத் தொடங்கினார்கள். மலையில் வெட்டினால் குகையில் தெரிகிறது. இதைக் கேட்டதும் மகள் பலகையிலிருந்து காலைத் தொங்கவிடாமல் மடக்கி உட்கார்ந்துகொண்டாள்.

அப்போது குயில் கூவியது. நம் ஊர்க் குயிலின் உறவுக்காரப் பறவை, ஆனால் குரல் வேறு. இரண்டே சுரம், மரக்கடிகாரத்தில் கேட்பது. ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் இங்கே வந்து, இந்தச் சதுப்பில் கூடு கட்டும் சிறு பறவையின் கூட்டில் முட்டை இடும்.

நானூற்றைம்பது படிகள். கடைசி நூறு படியில் மேகம் எங்களை மூடிவிட்டது. மேடையில் நின்றால் வெண்மை மட்டும். ஏரிகளையும் இரண்டு நாடுகளையும் பார்க்கலாம் என்று வந்தோம், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தது. மழை வலுத்ததால் உடனே இறங்கினோம்.

நனைந்த துணியை மாற்றிக்கொண்டு மாலையில் ஃப்ளோரன்ஸ் கோர்ட் காட்டில் ஒரு மரத்தைப் பார்க்கப் போனோம். உலகெங்கும் கல்லறைத் தோட்டங்களில் தூண்போல் நிமிர்ந்து நிற்கும் ஐரிஷ் யூ மரங்கள் அனைத்துக்கும் தாய் இது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜார்ஜ் வில்லிஸ் என்ற குத்தகை விவசாயி இந்த மலைச்சரிவில் வழக்கத்துக்கு மாறாக நிமிர்ந்து வளர்ந்த இரண்டு கன்றுகளைக் கண்டு தோண்டி எடுத்தார். ஒன்றைத் தன் தோட்டத்தில் வைத்தார், அது 1865இல் பட்டுப்போயிற்று. மற்றொன்றை நிலப்பிரபுவுக்குக் கொடுத்தார், அதுதான் இது. விதையிலிருந்து முளைப்பவை பெரும்பாலும் பழைய பரந்த வடிவத்துக்கே திரும்பிவிடும் என்பதால், கிளை வெட்டி நட்டே பெருக்கினார்கள். அப்படிப் பார்த்தால் உலகத்து ஐரிஷ் யூ எல்லாம் இந்த ஒரே மரத்தின் உடம்பு. மரம் இப்போது ஒழுங்கற்றுக் கலைந்து, நிழலில் ஒதுங்கி நிற்கிறது. பக்கத்தில் மழை சொட்டுகிற சத்தம் தவிர வேறெதுவும் இல்லை.

இரவு முழுவதும் மழை.

நான்காம் நாள்: ஷானன் பாட், க்ளென்கார்

நேற்றைய மழை இன்று எங்களுக்கு வரமாக அமைந்தது.

காலையில் குல்காவின் மறுபக்கத்துக்குப் போனோம். புல்வெளி நடுவே ஒரு குளம், பதினைந்து மீட்டர் அகலம் இருக்கலாம், சுற்றிலும் ஹேசலும் வில்லோவும். 360 கிலோமீட்டர் ஓடி அட்லாண்டிக்கில் கலக்கும் அயர்லாந்தின் மிக நீளமான ஆறு ஷானன் இங்கேதான் தொடங்குகிறது. நேற்றைய மழையில் குளம் நிரம்பி, நடுவில் தண்ணீர் அடியிலிருந்து கொப்பளித்தது. விளிம்பில் பிறந்த ஓடையை மகள் ஒரே தாவலில் தாண்டினாள். திரும்பவும் தாண்டினாள். "ஷானனைத் தாண்டிவிட்டேன்!"

இந்தக் குளமும் உண்மையான தொடக்கம் இல்லை. மலையில் ஓடைகள் மறையும் துளைகளில் சாயம் கலந்து பார்த்தபோது, அந்தச் சாயம் பூமிக்கடியில் பயணம் செய்து இங்கே வெளிவந்தது. அவற்றில் சில துளைகள் எல்லைக்கு அந்தப் பக்கம், ஃபெர்மானாவில். அப்படியானால் குடியரசின் பெருமைமிக்க நதியில் ஒரு பங்கு நீர் வட அயர்லாந்தில் பெய்த மழை. முதல் நாள் கேட்ட கேள்வியை மகளுக்கு நினைவூட்டினேன். "இருட்டில் யார் கோடு போடுவார்கள்?" என்றாள்.

பழங்கதையில் இந்தக் குளம் ஞானக் கிணறு. கடல் தெய்வமான லிர்ரின் பேத்தி சியோனன் தடையை மீறி இங்கே வந்தாள். ஞான மரங்களான ஹேசலின் கொட்டைகள் நீரில் விழும், அவற்றைத் தின்ற சால்மன் மீனுக்கு எல்லா அறிவும் உண்டு. அறிவைத் தேடி வந்தவளைக் கிணறு பொங்கி இழுத்துச் சென்று கடலில் சேர்த்தது. அவள் பெயரே ஆற்றுக்கு. அறிவைத் தேடிய பெண்ணைத் தண்டித்த கதை என்று முதலில் கோபம் வந்தது. கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகு வேறு விதமாகத் தோன்றியது. தண்டித்தார்களோ இல்லையோ, நாட்டின் பல ஊர்களுக்கு அவள் பெயரில்தான் தண்ணீர் போகிறது.

மதியம் மேற்கே லீட்ரிமுக்குள் க்ளென்கார் பள்ளத்தாக்கு. ஏரிக்கு எதிரே செங்குத்தான மலைச்சுவர், அதன் மேலிருந்து வெள்ளை நூல்களாக நேற்றைய மழை இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்க்கும் க்ளென்கார் அருவி சுமார் 15 மீட்டர். காரிலிருந்து சில நிமிட நடை, அழகான காட்டு ஓரம், குழந்தைகள் நிறைந்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி மற்றொன்றுக்கு நடந்தோம். 'உயரத்தை எதிர்த்து ஓடும் ஓடை' என்பது அதன் ஐரிஷ் பெயரின் பொருள், ஆங்கிலத்தில் 'பிசாசின் புகைபோக்கி'. ஏறத்தாழ 150 மீட்டர் உயரம். மழைக்குப் பிறகுதான் ஓடும், மழையில்லாத வாரத்தில் வெறும் பாறைதான்.

சிறிய வட்டப் பாதை, காட்டுக்குள் ஏறி இறங்கும். மரங்கள் விலகிய இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தோம். பள்ளத்தாக்கிலிருந்து காற்று எழுந்தது. விழுந்துகொண்டிருந்த அருவி பாதியில் தயங்கி, வளைந்து, புகையாக உடைந்து, முகட்டுக்கு மேலே திரும்பிப் போயிற்று. காற்று ஓய்ந்ததும் மறுபடி விழுந்தது. பிறகு மறுபடி மேலே. அரைமணி நேரம் இருவரும் கழுத்து வலிக்க நின்றோம். மகள் ஒரு வார்த்தையும் பேசவில்லை, கைப்பேசியை எடுக்கவும் இல்லை.

ஐந்தாம் நாள்: கெஷ்கோரன், கீ ஏரி

காலையில் ஸ்லைகோ மாவட்டத்துக் கெஷ்கோரன் குன்று. சாலையிலிருந்து பார்த்தாலே வெள்ளைப் பாறைச்சுவரின் அடியில் கறுப்புக் கண்களாகக் குகை வாய்கள் வரிசையாகத் தெரியும். ஈரப் புல்லில் ஏற்றம் செங்குத்து, கைகளையும் ஊன்றித்தான் ஏறினோம். ஆழமான குகைகள் இல்லை இவை. 1901இல் இங்கே தோண்டியவர்களுக்குக் கரடி, ஓநாய், துருவ மான், பனிப்பிரதேச எலியான லெமிங் ஆகியவற்றின் எலும்புகள் கிடைத்தன. இன்றைய அயர்லாந்தின் காடுகளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அரசன் கோர்மக் மக் ஆர்ட்டைக் குழந்தையாக ஒரு பெண் ஓநாய் தூக்கிவந்து வளர்த்தது இந்தக் குகையில்தான் என்கிறது கதை. ஓநாய் வேட்டையாடி அழிக்கப்பட்ட நாட்டில் அரசனுக்குப் பால் கொடுத்த ஓநாயின் கதை மிஞ்சியிருக்கிறது. குகை வாயில் உட்கார்ந்து ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டோம். எதிரே வயல்கள், வேலியெல்லாம் ஹாதார்ன் மரங்களின் கடைசிப் பூக்கள்.

அங்கிருந்து பாயில் ஊருக்கு அருகே கீ ஏரிக் காட்டுப் பூங்கா. முப்பதுக்கும் மேற்பட்ட தீவுகள் உள்ள ஏரி. ஜான் நாஷ் வடிவமைத்த ராக்கிங்ஹாம் மாளிகை இங்கே இருந்தது, 1957இல் தீக்கு இரையாயிற்று. மிஞ்சியவற்றில் என்னை நிறுத்தியது ஒரு சுரங்கப்பாதை. வேலைக்காரர்கள் விறகும் உணவும் சுமந்து போவது பிரபுக்களின் ஏரிக் காட்சியில் விழக்கூடாது என்று மண்ணுக்கடியில் வழி கட்டியிருக்கிறார்கள். ஐந்து நாளாகப் பூமிக்கடியில் போகும் நீரைப் பின்தொடர்ந்துவிட்டு, மனிதர்களை அப்படிப் போகவைத்த பாதையில் நடந்தபோது சுவரைத் தொட மனம் வரவில்லை. மகள் சீக்கிரம் வெளியே போகலாம் என்றாள்.

ஏரியில் தெரிந்த ஒரு தீவில் ஊனா பான் என்ற பெண்ணும் தோமாஸ் லாடிர் என்ற காதலனும் அடுத்தடுத்துப் புதைந்திருக்கிறார்களாம். தந்தை மறுத்ததால் அவள் ஏங்கி இறந்தாள். அவன் இரவுகளில் நீந்திப் போய்க் கல்லறையருகே இருந்து, குளிரில் நோயுற்று இறந்தான். இரண்டு கல்லறைகளிலிருந்தும் மரங்கள் வளர்ந்து பின்னிக்கொண்டன என்பார்கள்.

இந்த ஏரியிலிருந்து வெளியேறும் பாயில் ஆறு கொஞ்ச தூரத்தில் ஷானனில் கலக்கிறது. டப்ளின் திரும்பும் வழியில் கேரிக்-ஆன்-ஷானன் பாலத்தருகே காரை நிறுத்தச் சொன்னாள் மகள். நேற்று அவள் தாண்டிய ஓடை இங்கே அகன்று, கரையில் வரிசையாகப் படகுகள் கட்டிக்கிடந்தன. பாலத்தின் சுவரில் கையூன்றிக் கீழே பார்த்தாள். மாலை ஒன்பது மணி, இன்னும் வெயில். நீர் அதே தேநீர் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.